சும்மா கிடக்கிற துண்டு

அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நான். பெயர் தவராசா. உரும்பிராயில் தோட்டம் செய்கிறேன்.

என் மனைவி வசந்தா. எனக்குப் பின்னால் கதிரையில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா. சுவரோரமாகப் பாயில் இருந்தார். இரண்டு கண்ணிலும் பார்வை மங்கல். காது நல்ல கூர்மை.

அடுத்த தோட்டத்துச் செல்லத்துரை அண்ணை. அவர் உள்ளே வரவில்லை, யன்னலுக்கு வெளியே நின்றார். மருந்தடிக்கிற டாங்கி இரவல் கேட்டு வந்தவர்.

அவ்வளவுதான். நாலு பேர். பகல் இரண்டு மணி, நல்ல வெயில்.

நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. சுடலையைத் தாண்டித் தனியாகத் தண்ணீர் கட்டப் போய் வந்தவன், ஒன்றையும் கண்டதில்லை. கோயிலுக்குப் போவேன், அது வேறு. அன்று நடந்ததை இரண்டு பேருக்குச் சொன்னேன், இரண்டு பேரும் சிரித்தார்கள். நீங்களும் சிரிக்கலாம். எனக்கு எழுத்து இவ்வளவுதான் வரும். எட்டாம் வகுப்பில் சண்டையால் இடப்பெயர்வு வந்தது, திரும்பி வந்த பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை, தோட்டத்துக்குள் இறங்கிவிட்டேன்.

அந்த எட்டாம் வகுப்பால்தான் நான் இந்த வேலைக்குள் வந்தேன்.

என் தங்கச்சி கோமதி எனக்குப் பத்து வயது இளையவள். படித்தவள். கோப்பாயில் ஒரு கணினி வகுப்பில் படிப்பித்தாள். கல்யாணம் பேசினோம், அவள் ஓம் சொல்லவில்லை, விட்டுவிட்டோம். காலையில் தோட்டத்தில் என்னோடு நிற்பாள். பின்னேரம் வகுப்பால் வந்தால் மேசைக் கணினிக்கு முன்னால் இருப்பாள். லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸ் மாதிரிக் கணினியை ஓட்டுகிறது, ஆனால் இலவசம். அதைத் தமிழில் ஆக்குவதற்கு ஒரு கூட்டம் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறது. ஆளுக்கு ஆள் நேரில் கண்டதில்லை, எல்லாம் இணையத்தில்தான். உடுப்பிட்டியில் இருந்து பிரணவன் என்ற ஒருவன் மட்டும் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வருவான். லினக்ஸைக் கணினியில் ஏற்றும்போது பக்கம் பக்கமாக வசனங்கள் வரும், மொழி எது, நேரம் என்ன, எங்கே ஏற்றுவது என்று கேட்டுக் கேட்டுப் போகும். அந்த வசனங்களைத் தமிழில் எழுதியவள் கோமதி. நானூற்றுப் பன்னிரண்டு வசனம்.

ஒருநாள் தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டு நிற்கிறேன்.

"அண்ணை, இஞ்சை வந்து இருங்கோ."

"எனக்கு உது தெரியாது பிள்ளை."

"அதுக்குத்தான் கூப்பிடுறன். படிச்ச ஆக்கள் தமிழ் விளங்காட்டிலும் பழக்கத்திலை பொத்தானை அமத்திப்போட்டுப் போயிடுவினம். நீங்கள் விளங்காட்டில் அமத்த மாட்டியள்."

"எனக்கு மூளை இல்லை எண்டு சொல்லுறாய்."

"ஓம். அதுதான் வேணும்."

குசினிக்குள் வசந்தா சிரித்த சத்தம் கேட்டது. நான் போய் இருந்தேன்.

வேலை இதுதான். புதுப் பதிப்பு ஒன்று வந்தால் அதைப் பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து கணினியைத் தொடக்கி, நான் ஒவ்வொரு பக்கமாக உரத்து வாசிக்க வேண்டும். விளங்கினால் கொப்பியில் 'விளங்கியது' என்று எழுதுவேன். விளங்காவிட்டால் 'விளங்கவில்லை'. முதல் நாள் முழுக்க விளங்கவில்லை என்றுதான் எழுதினேன். 'பகிர்வு' என்று ஒரு சொல் வந்தது.

"உதென்ன பகிர்வு?"

"ஒரு டிஸ்க்கை மூண்டாப் பிரிச்சு வைச்சிருக்கு அண்ணை. ஒவ்வொண்டிலையும் வேறை வேறை ஓடும். அதிலை ஒண்டு."

"அப்ப துண்டு எண்டு போடன். காணியிலை அப்பிடித்தானே சொல்லுறம்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பகிர்வை அழித்துவிட்டுத் துண்டு என்று அடித்தாள். அதற்குப் பிரணவனோடு இரண்டு கிழமை சண்டை பிடித்தாள் என்று பிறகுதான் தெரியும். துண்டு நின்றது.

எங்கள் தோட்டமும் மூன்று துண்டு. கிணற்றடி, பனையடி, வைரவரடி. கிணற்றடியில் நான் மரக்கறி வைப்பேன். பனையடி கோமதியுடையது, எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் அவள்தான் அதில் வெங்காயம் வைப்பாள், வேறு யாரும் அதில் கை வைத்ததில்லை. வைரவரடி முழுக்கக் கல். தண்ணீரும் ஒழுங்காக எட்டாது. அப்பா காலத்தில் இருந்து சும்மா கிடந்தது.

அவள் கணினித் துண்டுகளுக்கும் இந்த மூன்று பெயரையும் வைத்தாள். விண்டோஸ் இருந்தது கிணற்றடி. அவளுடைய சொந்த லினக்ஸ், அவளுடைய எல்லா வேலையும், இருந்தது பனையடி. சோதனைக்கு ஏற்றி ஏற்றி அழிக்கிற துண்டு வைரவரடி. இப்போது எழுதும்போது இதெல்லாம் வரிசையாகத் தெரிகிறது. அந்த நேரம் எனக்கு இது தெரியாது. கணினியைப் போட்டால் மூன்று வரி வரும், நடு வரியை அமத்தினால் அவளுடையது திறக்கும், அதுதான் தெரியும். அந்த வரிகளில் துண்டின் பெயர் வராது. ஏற்றும்போது ஒரே ஒரு பக்கத்தில்தான் அந்த மூன்று பெயரும் வரும், எந்தத் துண்டில் ஏற்றுவது என்று கேட்கும். பிழையான துண்டை அமத்தினால் அதில் இருப்பது எல்லாம் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது.

அந்தப் பக்கத்தை அவள் என்னிடம் விட்டதே இல்லை. அது வந்தவுடன், "எழும்புங்கோ அண்ணை" என்பாள். தான் இருந்து அமத்திவிட்டு, "இனி இருங்கோ" என்பாள். ஏழு தரம் சோதனை செய்தோம். ஏழு தரமும் அப்படித்தான்.

ஒருதரம் கேட்டேன். "எது எண்டு சொன்னால் நானே அமத்துவன்தானே?"

"தோட்டத்திலை எந்தத் துண்டு சும்மா கிடக்குதோ, அதுதான் இதிலையும் சும்மா கிடக்கிற துண்டு. உங்களுக்கு மறவாமல் இருக்கத்தான் அந்தப் பேர் வைச்சனான்." சொல்லிவிட்டு, "இருந்தாலும் எழும்புங்கோ" என்றாள்.

அதை நான் மனதில் வைத்துக்கொண்டேன். பெயரை வைத்துக்கொள்ளவில்லை, அவள் சொன்ன கணக்கை வைத்துக்கொண்டேன்.

பிறகு அவளுக்கு வருத்தம் வந்தது. என்ன வருத்தம் என்று எழுதப் போவதில்லை. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் பதினொரு மாதம் போய்வந்தோம். தலைமயிர் கொட்டிய பிறகு வகுப்புக்குப் போகவில்லை. வெயில் தாழ ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பனையடியில் இருப்பாள், நான் அவளுடைய வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்குவேன், அவள் அங்கே புல், இங்கே புல் என்று விரலால் காட்டுவாள்.

அந்த நாட்களில் அவள் ஒன்று செய்தாள். தான் எழுதிய வசனங்களை ஒவ்வொன்றாகத் தன் குரலில் வாசித்துப் பதிந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"கண்ணாலை பாத்தால் எல்லா வசனமும் சரி மாதிரித்தான் இருக்கும் அண்ணை. காதாலை கேட்டால்தான் ஆர் கதைக்கிற தமிழ் எண்டு தெரியும்."

நானூற்றுப் பன்னிரண்டையும் வாசித்தாள். கடைசி வசனங்களில் மூச்சு வாங்குகிறது.

"அடுத்த பதிப்பு வரேக்கை நீங்கள்தான் செய்து பாக்கோணும்" என்றாள். "நான் நிண்டாலும், நிக்காட்டிலும்."

ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் செத்து முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்து ஆட்கள் போன பிறகு வசந்தா கணினியைப் போட்டாள். நடு வரியை அமத்தினாள். குரல்கள் ஒரு கோப்புறைக்குள் இருந்தன. எத்தனை இருக்கிறது என்று பார்த்தோம், நானூற்றுப் பன்னிரண்டு, வசனத்துக்கு ஒன்று. ஒன்றைத் தொட்டோம். "உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள்" என்று கோமதி சொன்னாள். அம்மா உள்ளறையில் இருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்துவிட்டார்.

எங்களிடம் இருந்த அவளுடைய குரல் அது மட்டும்தான். கல்யாண வீட்டு வீடியோ ஒன்றிரண்டில் தெரிகிறாள், வாய் திறக்கவில்லை. போனில் பதிந்தது ஒன்றும் இல்லை, பக்கத்தில் இருக்கிறவளை யார் பதிவார்கள்? அன்றிலிருந்து பின்னேரம் நாலு மணிக்கு அம்மாவுக்குப் போட்டுவிடுவேன். வரிசையாக ஓடும். ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைய. நான் தோட்டத்துக்குப் போய்விடுவேன். கடவுச்சொல்லை உள்ளிடவும். நேர வலயத்தைத் தெரிவு செய்யவும். கோப்புகள் நகலெடுக்கப்படுகின்றன, சற்றுப் பொறுங்கள். அம்மா தேவாரம் கேட்கிற மாதிரிக் கைகட்டி இருந்து கேட்பார். கடைசி வசனம், "நிறுவல் முடிந்தது. கணினியை மீளத் தொடக்கவும்." அது வந்தவுடன் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவார். நான் திரும்பி வரும்போது தேத்தண்ணீர் இருக்கும்.

குரல்களை வேறு ஒன்றில் பிரதி எடுத்து வையுங்கள் என்று பிரணவன் சொன்னான். "டிஸ்க் பழசு அண்ணை. ஒரு பென் வாங்கி வையுங்கோ, நான் வந்து எடுத்துத் தாறன்." யாழ்ப்பாணம் போய்ப் பென் வாங்கி வைத்தேன். அவன் வரும்போது புதுப் பதிப்பும் வந்துவிட்டது. கோமதியின் வசனம் நானூற்றுப் பன்னிரண்டும் முழுதாக வருகிற முதல் பதிப்பு. அந்தப் பென்னிலேயே அதை ஏற்றித் தந்தான். குரலுக்கு இன்னொரு பென் ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன் என்றான்.

"செய்து பாப்பியளோ அண்ணை? ஏலாதெண்டால் சொல்லுங்கோ. நான் வேறை ஆளைப் பாக்கிறன்."

"வேறை ஆள் வேண்டாம்."

இனித் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் போன பிறகு பனையடிக்குள் இரண்டு தரம் மண்வெட்டியோடு போனேன். இரண்டு தரமும் திரும்பி வந்தேன். மூன்றாம் தரம் போகவில்லை. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. வைரவரடிக்குள் இறங்கிக் கல்லுப் பொறுக்கத் தொடங்கினேன். ஒரு மாதம் பொறுக்கினேன். கல்லை வேலியோரம் குவித்தேன், இடுப்பளவு வந்தது. மரவள்ளி நட்டேன். வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். பிடித்துவிட்டது. அப்பா காலத்தில் இருந்து ஒன்றும் விளையாத துண்டில் மரவள்ளி நெஞ்சளவு நின்றது. பனையடியில் பற்றை எழும்பியது.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. வியாழக்கிழமை. சாப்பிட்டுவிட்டு இருந்தேன்.

பென்னைச் செருகிக் கணினியைத் தொடக்கினேன். ஸ்பீக்கர் பூட்டி இருக்கவில்லை. அதன் வயரைச் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்திருப்பேன், நாலு மணிக்குத்தான் இறக்குவேன். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பக்கம் வந்தது. உரத்து வாசித்தேன், அவள் பழக்கியபடி. விளங்கியது என்று எழுதினேன். இரண்டாம் பக்கம், விளங்கியது. மூன்று, நாலு. எல்லாம் அம்மா தினம் கேட்கிற வசனங்கள்தான். நான் வாசிக்க அம்மாவின் வாயும் சேர்ந்து அசைந்தது என்று வசந்தா பிறகு சொன்னாள்.

செல்லத்துரை அண்ணை யன்னலில் வந்து நின்றார்.

"என்னடாப்பா தவம், கந்தோர்க்காரன் மாதிரி இருக்கிறாய். சம்பளம் எவ்வளவு?"

"சம்பளம் இல்லை."

"அப்ப நல்ல உத்தியோகம்தான். லீவு கேக்கத் தேவையில்லை."

"டாங்கி கொட்டிலுக்கை கிடக்குது. எடுங்கோ அண்ணை."

அவர் போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அடுத்த பக்கத்துக்குப் போனேன். மூன்று பெயரும் வந்தன. கிணற்றடி, பனையடி, வைரவரடி. எந்தத் துண்டில் நிறுவ வேண்டும்?

எழும்புங்கோ அண்ணை என்று சொல்ல ஆள் இல்லை. கையை மேசையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அவள் சொன்னது நினைவு வந்தது. தோட்டத்தில் எது சும்மா கிடக்கிறதோ அது.

"வேறொண்டும் கேக்க வந்தனான்" என்றார் செல்லத்துரை அண்ணை. "உந்தப் பனையடி ஆறு மாசமாச் சும்மாதானே கிடக்குது. ஒரு போகத்துக்குத் தாவன், புகையிலை வைப்பம்."

நான் யன்னலால் பார்த்தேன். சும்மாதான் கிடந்தது.

பனையடியைத் தொட்டேன்.

"இஞ்சேருங்கோ" என்றாள் வசந்தா. "பிரணவனை ஒருக்காக் கேட்டிட்டு அமத்துங்கோவன்."

"எனக்குத் தெரியும்."

அப்படித்தான் சொன்னேன். எனக்குத் தெரியும் என்று.

அடுத்த பக்கம் வந்தது. "நீங்கள் தெரிவு செய்த துண்டு: பனையடி. இதில் உள்ள அனைத்தும் அழியும். திரும்பப் பெற முடியாது. தொடரவா?" அதையும் உரத்து வாசித்தேன். கீழே இரண்டு பொத்தான். தொடர், திரும்பு. விளங்கியது என்று கொப்பியில் எழுதிவிட்டுத் தொடரை அமத்தினேன்.

ஏழு தரம் செய்திருக்கிறேன். அதை அமத்தினால் நீலக் கோடு ஒன்று வந்து இடமிருந்து வலமாக நிறையத் தொடங்கும். நீலக் கோடு வரவில்லை. இன்னொரு பக்கம் வந்தது. வெறும் வெள்ளை. நடுவில் ஒரு வசனம். கீழே ஒரு பொத்தான்தான், திரும்பு.

அண்ணை, உது சும்மா கிடக்கிற துண்டு இல்லை.

நம்பினால் நம்புங்கள். நான் வாய் திறக்கவில்லை. வாசிக்க வேண்டும் என்ற பழக்கம் கூட வரவில்லை. வசந்தாவின் மடியிலிருந்து பயற்றங்காய்ச் சுளகு நிலத்தில் விழுந்தது, அவளும் வாய் திறக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி இருக்கிறோம், பின்னால் பாயில் இருந்து அம்மா கேட்டார்.

"பிள்ளை என்ன சொல்லுறாள்?"

அம்மா பாயில் கையை ஊன்றி முன்னுக்கு நகர்ந்தார்.

"தம்பி, பிள்ளை என்னவோ சொல்லுறாள். என்னெண்டு கேள்."

வசந்தாதான் வாசித்தாள். மெல்ல, ஒவ்வொரு சொல்லாக. அவள் வாசித்து முடிய அம்மா, "ஓம், அதுதான்" என்றார். பயந்த மாதிரி இல்லை. சரியாகக் கேட்டேனா என்று பார்க்கிறவர் மாதிரிச் சொன்னார்.

"என்ன, கரண்ட் நிண்டு போச்சுதோ?" என்றார் செல்லத்துரை அண்ணை வெளியில் இருந்து.

"செல்லத்துரை அண்ணை, பனையடி தாறதில்லை."

"ஏன்டாப்பா, சும்மாதானே..."

"சும்மா கிடக்கேல்லை."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டாங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் திரையைக் காணவில்லை. அந்த மேசை யன்னலுக்கு முதுகு காட்டி இருக்கிறது.

படம் எடுத்தீர்களா என்று நான் சொன்ன அந்த இரண்டு பேரும் கேட்டார்கள். எடுக்கவில்லை. வீட்டுக்குள் இருந்து தங்கச்சி கூப்பிட்டால் படமா எடுப்பீர்கள்?

திரும்பு என்பதை அமத்தினேன். மூன்று பெயர்ப் பக்கம் பழையபடி வந்தது. அப்படியே விட்டுவிட்டு எழும்பித் தோட்டத்துக்குப் போனேன். வரம்பில் நின்று பார்த்தேன். இந்தப் பக்கம் வைரவரடி, மரவள்ளி. அந்தப் பக்கம் பனையடி, பற்றை. அவள் இருந்தவரை சும்மா கிடந்தது இது, நான் சும்மா போட்டது அது. அங்கே நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. இன்னொரு நிமிடத்தில் அவளுடைய குரலை என்ன செய்திருப்பேன் என்பதும் விளங்கியது. கல்லுக் குவியலில் இருந்துவிட்டேன்.

ஒரு மணித்தியாலம் இருந்திருப்பேன். வசந்தா வந்து, "வாங்கோ, துடங்கினதை முடியுங்கோ" என்றாள். போய் வைரவரடியை அமத்தினேன். தொடர். நீலக் கோடு வந்தது. நிறைந்தது. நிறுவல் முடிந்தது.

கணினியை மீளத் தொடக்கினேன். மூன்று வரி. நடு வரி. குரல்கள் இருந்தன. ஸ்பீக்கரை இறக்கிப் பூட்டி அம்மாவுக்குப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். மணி நாலு பத்து. பத்து நிமிடம் பிந்திவிட்டது.

கொப்பியில் அந்தப் பக்கத்தையும் எழுத வேண்டும். செய்து பார்க்க ஒப்புக்கொண்டவன் கண்டதை எழுதாமல் விடக்கூடாது. அந்த வசனத்தை அப்படியே எழுதி, பக்கத்தில் 'விளங்கியது' என்று எழுதினேன். கொப்பியை வசந்தா போனில் படம் எடுத்துப் பிரணவனுக்கு அனுப்பினாள்.

அன்று பின்னேரமே அவன் போன் எடுத்தான்.

"அண்ணை, இது என்ன, துண்டுப் பக்கத்துக்குப் பிறகு ஒண்டு எழுதியிருக்கிறியள்?"

"வந்தது. எழுதினன்."

"அப்பிடி ஒரு பக்கமே இல்லை அண்ணை."

"வந்தது."

இன்னொரு தரமும் கேட்டான், வந்தது என்றுதான் சொன்னேன். பிறகு, கோப்பில் தேடிப் பார்க்கிறேன் என்றான். அரை மணித்தியாலத்தால் திரும்ப எடுத்தான். கோமதியின் வசனக் கோப்பு முழுவதையும் தேடிவிட்டான். நானூற்றுப் பன்னிரண்டு வசனம்தான் இருக்கிறது, அது இல்லை. தன் கணினியிலும் அதே பதிப்பை ஏற்றிப் பார்த்தான். தொடர் என்றால் நீலக் கோடுதான் வருகிறது.

"அவ முதலே எழுதி வைச்சிருப்பாவோ எண்டு யோசிச்சன்" என்றான். "வசனம் எழுதலாம் அண்ணை, ஆனால் பக்கம் ஒண்டை உள்ளை வைக்க அவவாலை ஏலாது. அதோடை..."

அவன் நிறுத்திவிட்டான். அவன் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். கோமதி இருந்தவரை பனையடி ஒருநாளும் சும்மா கிடந்ததில்லை. அது சும்மா கிடக்கும், நான் அதைப் பார்த்து அமத்துவேன் என்று அவள் எப்படி எழுதி வைத்திருப்பாள்?

"நீங்கள் களைச்சுப்போய் இருந்திருப்பியள் அண்ணை" என்றான் கடைசியில்.

"ஓம். அம்மாவும் களைச்சுப்போய்த்தான் இருந்தவ" என்றேன். அவன் சிரித்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றவன் வெள்ளிக்கிழமை காலையிலேயே வருகிறேன் என்றான்.

அன்று ஐந்தேகால் மணிக்கு நான் தோட்டத்தால் வந்தபோது தேத்தண்ணீர் இல்லை. அம்மா பாயிலேயே இருந்தார். திரையில் ஒன்றும் ஓடவில்லை. வழக்கமாகக் கடைசி வசனம் முடிய எழும்பிவிடுகிறவர். முகம் ஸ்பீக்கர் பக்கம் திரும்பி இருந்தது.

"முடிஞ்சுதே அம்மா?"

"பொறு தம்பி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஓம், இப்ப முடிஞ்சுது" என்று எழும்பினார்.

மறுநாள் விடிய எழும்பிப் பனையடிக்குள் மண்வெட்டியோடு போனேன். திரும்பி வரவில்லை. பற்றையைக் கொத்தினேன். அவளுடைய முக்காலி அதற்குள் கிடந்தது, ஒரு கால் கறையான் அரித்திருந்தது. அதை எடுத்துப் பனையோடு சாத்தி வைத்தேன். இப்போது அங்கே வெங்காயம் நிற்கிறது. நல்ல வெங்காயம் என்று சொல்ல மாட்டேன். அவளுடைய கை வேறு.

பிரணவன் எட்டு மணிக்கு வந்தான். புதுப் பென்னைச் செருகினான். நடு வரியை அமத்தி, குரல் கோப்புறையைத் தொட்டு, பிரதி எடுக்கக் கொடுத்தான். நாங்கள் எல்லோரும் நின்றோம். அம்மாவும் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு யாரும் அந்தக் கணினியைத் தொடவில்லை, அவள் போன பிறகு அதில் ஒன்றும் பதியவில்லை, எங்களுக்குப் பதியவும் தெரியாது. பிரணவனுக்கும் அது தெரியும்.

முடிந்தவுடன் எத்தனை கோப்பு எடுத்தது என்று திரையில் வந்தது. பிரணவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பென்னில் எடுத்ததை அழித்துவிட்டுத் திரும்பப் பிரதி எடுத்தான். இரண்டாம் தரமும் அதே எண்தான். கடைசியைத் திறக்கட்டோ அண்ணை என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அது அம்மாவுக்கு. இன்று வரை நான் திறக்கவில்லை. நாலு மணிக்குப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுகிறேன், 'நிறுவல் முடிந்தது' வந்த பிறகும் அம்மா கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் எழும்புகிறார்.

நானூற்றுப் பதின்மூன்று.